எண்ணெய் குடித்த பால்சா: துடைப்பதா, உறிஞ்சி எடுப்பதா, வெட்டி மாற்றுவதா?

போன மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, புதிதாகப் பழகுபவர்கள் ரிமோட்டில் ஓட்டும் தன் டிரெய்னர் மாடல் விமானத்தைப் பழைய போர்வையில் சுற்றி, பைக்கின் பின்னால் நண்பனை உட்கார வைத்துப் பிடிக்கச் சொல்லி, கடலூருக்கே கொண்டுவந்துவிட்டார். மூக்குப் பகுதியில் மரத்தின் மேல் ஒட்டும் மெல்லிய கவரிங் ஃபிலிம் உரிந்து தொங்கியது. தூக்கிப் பார்த்தால் அடியில் பால்சா, அதாவது விமானம் கட்டியிருக்கும் லேசான மரம், தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் ஈரம் மின்னியது.

"அண்ணா, மூணு தடவை புது ஃபிலிம் ஒட்டிட்டேன். மூணு தடவையும் ஒரு வாரத்துல கழண்டு வந்துடுது. பெட்ரோல் போட்டுத் துடைச்சும் பார்த்துட்டேன். மரத்தையே மாத்தணுமா, இல்ல இதையே காப்பாத்த முடியுமா?"

இதே கேள்வியை வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் என்.சி.சி. ஏர் விங் மாணவர்களுக்குக் கன்ட்ரோல் லைன் விமானம், அதாவது கையில் பிடித்த கம்பியின் முனையில் சுற்றிப் பறக்கும் மாடல், ஓட்டக் கற்றுத்தருபவர். டீசல் எஞ்சின் ஓடி ஓடி அவருடைய விமானங்களின் மூக்கு கறுத்துப் போயிருக்கிறது. இன்னொருவர், அப்பா 20 வருடத்துக்கு முன் கட்டிய விமானத்தைப் பரணிலிருந்து இறக்கியிருக்கும் மகள். அவருக்கு அதைப் பறக்கவிட வேண்டாம், கெடாமல் வைத்திருந்தால் போதும். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால்தான் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

## எண்ணெய் எவ்வளவு, எங்கே போகிறது

இந்த டிரெய்னர் போன்ற மாடல்களில் ஓடும் கிளோ எஞ்சினின் எரிபொருள் என்பது மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், மீதி எண்ணெய். எண்ணெயின் பங்கு பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம். 240 மில்லி டேங்க் என்றால் அதில் சுமார் 45 மில்லி எண்ணெய். இது எஞ்சினுக்குள் எரிந்து தீர்வதில்லை. பெரும்பகுதி மஃப்ளர் (சைலன்சர்) வழியாக வெளியே வந்து விமானத்தின் மேலேயே படிகிறது. ஒரு காலையில் மூன்று டேங்க் ஓட்டினால் அரை டம்ளருக்கு மேல் எண்ணெய் தெளிக்கப்பட்டிருக்கும்.

பால்சா இவ்வளவு லேசாக இருப்பதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் வெற்றிடம்தான். நுண்குழாய்கள் ரேகையோடு நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையின் தட்டையான முகத்தில் எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும். வெட்டுமுகம் கிடைத்தால் ஸ்ட்ரா போல இழுத்துக்கொள்ளும். எஞ்சின் மாட்டும் முன்பலகையான ஃபயர்வாலோடு பக்கப் பலகை சேரும் இடம், இறக்கை உட்காரும் விளிம்பு, டேங்க் அறையின் மூலை, ஃபிலிமில் இருக்கும் ஊசித்துளை, இவைதான் நுழைவாசல்கள். வெளியே ரூபாய் நாணயம் அளவு கறை தெரிந்தால், உள்ளே அது ரேகையோடு விரல் நீளம் ஓடியிருக்கலாம்.

எடையும் கூடுகிறது. மூக்கில் ஏறும் எண்ணெய் சமநிலையை அவ்வளவாகக் கெடுக்காது. மஃப்ளரிலிருந்து பின்னோக்கி வழிந்து வாலுக்குள் போவதுதான் தொல்லை. வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்து ஈடுகட்ட வேண்டி வரும்.

## வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

என்ன எண்ணெய்? இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் புட்டியையும் திறக்காதீர்கள். நம் எரிபொருளில் இருப்பது விளக்கெண்ணெய், அல்லது செயற்கை எண்ணெய், அல்லது இரண்டின் கலவை. விளக்கெண்ணெய் மற்ற தாவர எண்ணெய்களைப் போன்றதல்ல. அது ஆல்கஹாலில் முழுக்கக் கரையும். பெட்ரோல், மண்ணெண்ணெயில் சரியாகக் கரையாது. லாஸ்பேட்டைத் தம்பி பெட்ரோலால் தேய்த்தபோது எண்ணெய் கரையவில்லை, இடம் மாறிப் பரவியது. மாடல் டீசல் எஞ்சினின் எரிபொருளில் ஈதர் சேர்ப்பதற்கு ஒரு காரணமும் இதுதான். மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது அந்த ஈதர்.

சந்தேகம் இருந்தால் எஞ்சின் அறையிலிருந்து கொஞ்சம் பிசுக்கைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வையுங்கள். ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது ஐ.பி.ஏ., விட்டுக் கலக்குங்கள். தெளிவாகக் கலந்தால் கிளோ எண்ணெய். முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் அது பெட்ரோல் எஞ்சினின் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயாக இருக்கும். அதற்குக் கீழே சொல்லும் ஆல்கஹால் வழிகள் உதவாது, தின்னர் வகைதான் வேண்டும்.

அந்த இடம் பாரம் தாங்குகிறதா? மேல்தோலாக ஒட்டிய 1.5 மில்லிமீட்டர் பலகையும் எஞ்சினைத் தாங்கும் ஃபயர்வாலும் ஒன்றல்ல. தோலில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தால் ஃபிலிம் உரியும். ஃபயர்வாலில் மிச்சமிருந்தால் எஞ்சினே கழன்று பறக்கும். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான்.

எவ்வளவு ஆழம்? புது பிளேடால் மறைவான இடத்தில் ஒரு சிறு சீவல் எடுங்கள். அடியில் வெள்ளை மரம் தெரிந்தால் மேலோட்டம். உள்ளேயும் தேன் நிறம் என்றால் ஆழம்.

எந்தப் பசையால் கட்டியது? ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை அசிட்டோன் இளக்கும், நீண்ட நேரம் ஊறினால் ஆல்கஹாலும் இளக்கும். ஃபெவிக்விக் வகைப் பசை அசிட்டோனில் மெதுவாகக் கரையும். பழைய செல்லுலோஸ் பசையும், டோப் என்ற பழைய வகைப் பூச்சும் அசிட்டோனிலும் தின்னரிலும் கரைந்தே போகும். அரால்டைட் போன்ற எபாக்ஸி மட்டும்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

எந்தப் பருவம்? நமக்கு இது பெரிய விஷயம். அசிட்டோன் ஆவியாகும்போது மரத்தைச் சில்லென்று ஆக்கிவிடும். கடற்காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த மரத்தில் படியும். சித்திரை, வைகாசியில் மேற்குக் காற்று அடிக்கும் காலை வேளைதான் இந்த வேலைக்கு உகந்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால் நிறுத்திவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடவே மாட்டேன்.

இன்னும் ஒன்று. எண்ணெய் போய்விட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். மரம் வெளுத்திருக்கும், ஆனால் பசை பிடிக்காது. மரம் பழுப்பாகவே இருக்கும், பசை இரும்புப் பிடியாகப் பிடிக்கும். ஒரு சின்ன பால்சாக் கட்டையைச் சந்தேகமான இடத்தில் எபாக்ஸியால் ஒட்டி, மறுநாள் தட்டி உடையுங்கள். மர நார் கிழிந்து கட்டையோடு வந்தால் அந்த இடம் தயார். பசை மழமழவென்று அப்படியே பெயர்ந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. கூடவே சமையலறை டிஜிட்டல் தராசில் வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். மரம் எப்படித் தோன்றினாலும் தராசு உள்ளதைச் சொல்லிவிடும்.

## ஸ்பிரிட்டால் துடைப்பது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். பழைய பருத்தித் துணி, ஐ.பி.ஏ., துடை, துணியை மாற்று, மறுபடி துடை. 99 சதவீத ஐ.பி.ஏ. கிடைப்பது சுலபம். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு கழுவப் பயன்படுத்தும் அதேதான். மேலே படிந்த பிசுக்குக்கும், ஃபிலிம் ஒட்டும் முன் கடைசித் துடைப்புக்கும் இது போதும்.

ஆழமாக இறங்கியதற்கு இது உதவாது. திரவம் எண்ணெயை இளக்கி நீர்த்துப்போகச் செய்கிறது. நீர்த்த எண்ணெயில் கொஞ்சம் துணிக்கு வரும், மீதி இன்னும் உள்ளே போகும். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க இது மோசமாகும். சாயங்காலம் மரம் சுத்தமாகத் தெரியும், நாலு நாள் கழித்து அதே கறை மேலே எழும்பி வரும்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடங்கள் சில. ஹேண்ட் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், அது மரத்தில் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரிலும் நகம் வறளாமல் இருக்க எண்ணெயோ கிளிசரினோ சேர்ப்பார்கள். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டின் லேபிளைக் கட்டாயம் படியுங்கள். பிரிட்டிஷ் முறைத் தயாரிப்பில் விளக்கெண்ணெயே ஒரு சேர்மானம். எதை எடுக்கப் போகிறோமோ அதையே பூசியதாகிவிடும். கையில் இருக்கும் கிளோ எரிபொருளாலேயே துடைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மெத்தனால் தேடிப் போகாதீர்கள். அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கண்ணைப் பறிக்கும், எரியும்போது அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. 2023 மே மாதம் நமக்குப் பக்கத்தில் மரக்காணம் அருகேயும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். ஐ.பி.ஏ. செய்யாத எதையும் அது செய்துவிடப் போவதில்லை.

## மாவுப்பற்று போட்டு உறிஞ்சுவது

நான் அதிகம் நம்பும் வழி இது. அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பொடிதான் திரி. திரவம் மரத்துக்குள் போய் எண்ணெயை இளக்குகிறது. பிறகு ஆவியாவதற்காகப் பொடியின் மேற்பரப்பை நோக்கி வருகிறது. வரும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வருகிறது. திரவம் பறந்துவிடும், எண்ணெய் பொடியிலேயே மாட்டிக்கொள்ளும். துடைக்கும்போது எண்ணெய்க்கு வெளியேற வழி இல்லை. இங்கே இருக்கிறது.

எந்தப் பொடி? மூன்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முல்தானி மட்டி நன்றாக இழுக்கும், ஆனால் மரத்தில் லேசான மஞ்சள் தங்கும். மேலே அடர்ந்த நிற ஃபிலிம் வருவதானால் கவலையில்லை, கண்ணாடி போன்ற ஃபிலிம் என்றால் தவிர்த்துவிடுங்கள். சாக் பவுடர் நிறம் விடாது, இழுவை கொஞ்சம் குறைவு. கார்ன்ஃப்ளார் வெள்ளையாக இருக்கும், நன்றாகவும் இழுக்கும். ஆனால் மூலை முடுக்கில் மிச்சமிருந்தால் நம் ஊர் ஈரத்தில் பூசணம் பூக்கும், எறும்பும் வரும். திறந்த பலகைக்குச் சரி, டேங்க் அறைக்குள் வேண்டாம். கோலமாவு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கல்மாவு மிகவும் சொரசொரப்பானது, உறிஞ்சாது. அரிசிமாவுக்குக் கார்ன்ஃப்ளாரின் அதே தொல்லைகள்தான்.

செய்முறை இப்படி. ஃபிலிமைக் கறை தாண்டி இரண்டு அங்குலம் வரை உரித்துவிடுங்கள். சர்வோ, பேட்டரி, ரிசீவர், டேங்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பொடியில் ஐ.பி.ஏ. ஊற்றி இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். பழைய, கெட்டிப்பட்ட பிசுக்கு என்றால் பாதி ஐ.பி.ஏ., பாதி அசிட்டோன். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு அரை மணி நேரம் மூடிவையுங்கள், திரவம் உள்ளே இறங்கட்டும். அப்புறம் தாளை எடுத்துவிட்டு நிழலில் காற்றாடக் காயவிடுங்கள். பொடி வெடித்து உதிரும்போது மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். உதிரும் பொடி மஞ்சளாக இருக்கும். மறுபடி அப்புங்கள். பொடி போட்ட நிறத்திலேயே உதிரும் வரை இது தொடர வேண்டும்.

என் டிரெய்னருக்கு ஐந்து பற்று தேவைப்பட்டது. மூன்றாவது வரை பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஐந்தாவது முடிந்து தராசில் வைத்தபோது 30 கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இதன் மறைமுகச் செலவு நேரம். ஒரு நாளைக்கு இரண்டு பற்றுக்கு மேல் முடியாது. முழு வேலைக்கு ஒரு வாரம் போய்விடும். தூள் வீடெங்கும் பறக்கும் என்பதால் மூக்கில் முகக்கவசம் வேண்டும். அடிக்கடி நனைவதால் 1.5 மில்லிமீட்டர் தோல் லேசாக நெளியலாம். இரண்டு பக்கமும் சமமாகப் பற்று போட்டால் நெளிவு குறையும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. அசிட்டோனின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறைக்குப் போகும். சாமி விளக்கு எரியும் வீட்டுக்குள், கேஸ் அடுப்பு இருக்கும் பக்கம், ஃப்ரிட்ஜ் ஓடும் அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். மொட்டைமாடி நிழல்தான் சரியான இடம். மெல்லிய நைட்ரைல் கையுறை ஐ.பி.ஏ.வுக்குத் தாங்கும், அசிட்டோனில் சீக்கிரம் உப்பிவிடும். மாற்றிக்கொண்டே இருங்கள்.

## சூடு காட்டி ஒற்றி எடுப்பது

விளக்கெண்ணெய் சூட்டில் வேகமாக இளகும். 20 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 40 டிகிரியில் சுமார் நாலில் ஒரு பங்காகிவிடும். டிஷ்யூ பேப்பரை மேலே வைத்து, ஃபிலிம் ஒட்டும் சின்ன இஸ்திரியான கவரிங் அயர்னால் மிதமான சூட்டில் அழுத்தினால் பேப்பரில் எண்ணெய் வட்டமாக ஊறி வருவதைப் பார்க்கலாம். ரசாயனம் இல்லை, வாசனை இல்லை, பசைகளுக்கு ஆபத்து குறைவு. புதிதாகப் படிந்த எண்ணெய்க்கு நன்றாகவே உதவும்.

கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் காகிதம் சுற்றி வைத்தாலும் இதே வேலை நடக்கும். ஆனால் மாடித் தரையின் சூட்டில் இறக்கை முறுக்கிக்கொள்ளும். உடல் பகுதிக்கு மட்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

சூடு அதிகமானால் விளக்கெண்ணெய் வார்னிஷ் போல இறுகி மரத்தோடு ஒன்றிவிடும். அதன் பிறகு எதனாலும் எடுப்பது கடினம். ஹீட் கன் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்பிரிட் தொட்ட மரம் முழுக்கக் காயும் வரை அயர்னைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது.

## முக்கி ஊறவைப்பது

கழற்றிய சின்ன பாகங்களுக்கு மட்டும். எஞ்சின் தாங்கும் கட்டை, ஹாட்ச் மூடி போன்றவற்றை ஐ.பி.ஏ.வில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, திரவத்தை இரண்டு முறை மாற்றினால் நன்றாக வெளுக்கும். முழு விமானத்தை இப்படிச் செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பசை இணைப்புகள் ஒவ்வொன்றும் இளகும், எது இளகியது என்று வெளியே தெரியாது.

## வெட்டி மாற்றுவது

இதைச் சொன்னாலே முகம் வாடுகிறது. கட்டிய கைக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் சில இடங்களில் வேறு வழி இல்லை, அங்கே தயங்குவது ஆபத்து.

சில வருடங்களுக்கு முன் என் விமானத்தின் ஃபயர்வால் ஓரத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. சுற்றிலும் எண்ணெய்தான். ஐ.பி.ஏ.வால் நாலு முறை துடைத்தேன், மரம் வெளுத்தது, எபாக்ஸி வைத்து இறுக்கினேன். கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அறுவடை முடிந்த வயலில் மூன்றாவது தடவை பறக்கவிட்டபோது, முழு வேகத்தில் மேலே ஏறுகையில் ஃபயர்வால் எஞ்சினோடு பிய்த்துக்கொண்டு போனது. விமானம் வாலை முன்னால் காட்டியபடி விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு நிம்மதி. பெயர்ந்த ஃபயர்வாலை எடுத்துப் பார்த்தால், பசை கண்ணாடி போல மழமழப்பாக இருந்தது. ஒரு மர நார்கூட ஒட்டிக்கொண்டு வரவில்லை. சோதனைக் கட்டையை ஒட்டி உடைத்துப் பார்க்கும் பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அதனால் என் முடிவு இது. ஃபயர்வால், எஞ்சின் கட்டைகள், லேண்டிங் கியர் பலகை, இறக்கை போல்ட் மாட்டும் இடம், இந்த நான்கிலும் எண்ணெய் பசைக்கோடு வரை போயிருந்தால் வெட்டி மாற்றுங்கள். ஃபயர்வால் பிளைவுட்டின் நடு அடுக்குகளுக்குள் எண்ணெய் போய்விட்டால் எந்தப் பற்றும் அதை இழுக்காது, ஏனென்றால் அடுக்குகளுக்கு இடையே இருக்கும் பசைத்தளம் பாதையை மறிக்கிறது.

பால்சாவை வெட்டும்போது நேர்க்கோட்டில் வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். புதுத் துண்டும் பழைய பலகையும் சாய்ந்த முகங்களில் சேர்ந்தால் ஒட்டும் பரப்பு கூடும். கறையின் ஓரத்தில் வெட்டாதீர்கள். ரேகை ஓடும் திசையில் கறை தெரியும் இடத்தைத் தாண்டி இன்னும் ஓர் அங்குலமாவது போங்கள். வெட்டுமுகத்தில் சோதனைக் கட்டை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதுத் துண்டை வையுங்கள்.

செலவு மரத்தின் விலையோடு முடிவதில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ சாதாரண பிளைவுட் கடையில் கிடைக்கும் பலகை ஃபயர்வாலுக்கு ஆகாது. உள்ளே இடைவெளிகள் இருக்கும், கனமும் கூடுதல். பிர்ச் பிளைவுட்டையும் பால்சாவையும் கூரியரில் வரவழைக்க வேண்டும். காத்திருக்கும் நாட்கள் தனி. எஞ்சின் கோணம் மாறாமல் புது ஃபயர்வாலை உட்கார வைப்பதும் பொறுமை கேட்கும். பழையதைக் கழற்றும் முன் கோணத்தை அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்குப் பக்கம் முழுக்கப் புது ஃபிலிம் வேண்டியிருக்கும், நிறம் பழையதோடு பொருந்தாமலும் போகலாம்.

## மேலே பூசி மூடிவிடுவது

எண்ணெயை எடுக்காமல் அரக்கு பூசி மூடுவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பிரெஞ்சு பாலிஷ் போடும் அதே அரக்குதான். கொஞ்சம் எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கும் மரத்திலும் அது மற்றப் பூச்சுகளைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அரக்கு கரைவது ஆல்கஹாலில். கிளோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். ஒருமுறை சிந்தினால் பூச்சு இளகிவிடும். பறக்காத விமானத்துக்கு அழகான தீர்வு, பறக்கும் விமானத்துக்குத் தனியாகப் போதாது.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஏற்றது | எதற்கு ஆகாது | ஆகும் நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பிரிட் துடைப்பு | மேலோட்டப் பிசுக்கு, கடைசிச் சுத்தம் | ஆழமான ஊறல் | அரை மணி நேரம் | எண்ணெய் இன்னும் உள்ளே தள்ளப்படும் |
| மாவுப்பற்று | தோல் பலகை, பக்கப் பலகை, வால் | பிளைவுட்டின் உள்ளடுக்கு | ஒரு வாரம் | நெளிவு, தூள், கையுறைகள் |
| சூடும் காகிதமும் | புது எண்ணெய் | இறுகிய பழைய பிசுக்கு | சில மணி நேரம் | சூடு மிஞ்சினால் எண்ணெய் இறுகும் |
| முக்கி ஊறவைத்தல் | கழற்றிய சின்ன பாகம் | ஒட்டிய உடல் பகுதி | ஒரு நாள் | பசை இளகல், திரவச் செலவு |
| வெட்டி மாற்றுதல் | ஃபயர்வால், பாரம் தாங்கும் இடம் | கறை மட்டும் இருக்கும் தோல் | இரண்டு மூன்று வாரம் | கூரியர், புது ஃபிலிம், கோண அமைப்பு |
| அரக்கு பூசுதல் | காட்சிக்கு வைக்கும் விமானம் | கிளோ எஞ்சின் ஓடும் விமானம் | ஒரு நாள் | எரிபொருள் பட்டால் கரையும் |

## கேட்ட மூவருக்கும்

பரணிலிருந்து விமானத்தை இறக்கிய அந்தப் பெண்ணுக்கு: வெட்டவே வேண்டாம். அப்பா கையால் ஒட்டிய பால்சா அப்படியே இருக்கட்டும். 20 வருடப் பிசுக்கு இறுகியிருக்கும் என்பதால் முதலில் பிளாஸ்டிக் ஸ்கேல் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு சாக் பவுடரும் ஐ.பி.ஏ.வும் கலந்து இரண்டு பற்று. அசிட்டோன் தொடாதீர்கள், அந்தக் காலத்து டோப்பும் பசையும் கரைந்துவிடும். கடைசியில் மெல்லிய அரக்கு ஒரு பூச்சு. கொஞ்சம் பழுப்பு மிச்சமிருந்தால் இருக்கட்டும். அந்த விமானம் பறந்ததற்கு அதுதானே அடையாளம்.

என்.சி.சி. பயிற்சியாளருக்கு: உங்கள் விமானங்களில் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்ந்தே ஊறியிருக்கின்றன. ஐ.பி.ஏ. மட்டும் போதாது, அசிட்டோன் கலந்த பற்று வேண்டும். ஆனால் கன்ட்ரோல் லைன் விமானத்தின் மூக்கு சின்னது, மரமும் குறைவு. எஞ்சின் கட்டைகள் வரை கறுத்திருந்தால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வாரம் பற்று போடுவதைவிடப் புது மூக்கு கட்டுவதே உங்களுக்கு லாபம். மாணவர்களும் கட்டக் கற்றுக்கொள்வார்கள். கம்பியின் மறுமுனையில் நிற்பது பிள்ளைகள் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லாஸ்பேட்டைத் தம்பியின் விமானத்தில் ஃபயர்வால் ஓரத்தில் சோதனைக் கட்டை ஒட்டிப் பார்த்தோம். நார் கிழிந்து வந்தது, ஆக ஃபயர்வால் தப்பித்தது. பக்கப் பலகைகளுக்கு முல்தானி மட்டிப் பற்று போடச் சொன்னேன். வலப்பக்கத்தில் டேங்க் அறையின் கீழ் மூலை மட்டும் மெத்தென்று நைந்துபோயிருந்தது. அங்கே இரண்டு அங்குலத்துக்கு வெட்டிப் புதுத் துண்டு வைத்தோம்.

ஃபிலிம் ஒட்டும் முன் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. இதைச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் இதே கறையோடு திரும்பி வருவார். 30 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியைக் கொஞ்சம் ஐ.பி.ஏ. விட்டு நீர்க்கச் செய்து, ஃபயர்வாலின் இரு முகம், டேங்க் அறையின் உட்புறம், இறக்கை உட்காரும் விளிம்பு, போல்ட் துளைகளின் உள்சுவர் என வெட்டுமுகம் தெரியும் எல்லா இடத்திலும் பூசினோம். ஃபிலிமின் விளிம்புகள் அந்த எபாக்ஸியின் மேல் ஏறி முடியும்படி ஒட்டினோம். பறந்து முடித்ததும் டேங்கை வடித்து, விமானத்தை மூக்கு கீழாகச் சாய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், மிச்சமிருக்கும் எண்ணெய் வால் பக்கம் ஓடாமல் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தார். ஒன்பது முறை பறந்தாகிவிட்டது, ஃபிலிம் இன்னும் ஓரத்தில்கூடத் தூக்கவில்லையாம்.